மின்னூலுக்கு முந்திய கையெழுத்து

2013 கிறிஸ்துமஸ் அன்று லாரன்ஸ் பிளாக்கின் புதிய நாவல் விற்பனைக்கு வந்தது. பெயர் 'த பர்க்ளர் ஹூ கவுண்டட் த ஸ்பூன்ஸ்'. பகலில் நியூயார்க்கில் பழைய புத்தகக் கடை நடத்திவிட்டு இரவில் அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறக்கப் போகும் பெர்னி ரோடன்பார் என்ற திருடனின் கதை. 1977இல் தொடங்கிய இந்த வரிசையில் முந்தைய நாவல் 2004இல் வந்திருந்தது. ஒன்பது ஆண்டு காத்திருந்த வாசகர்களுக்கு அதுவே பெரிய சேதி. புத்தகத் தொழிலில் இருந்தவர்களுக்கு வேறொன்று பெரிதாகப் பட்டது. 1950களின் கடைசியில் முதல் சிறுகதையை விற்றவர், 1994இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தின் கிராண்ட் மாஸ்டர் கௌரவம் பெற்றவர், பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் வழியே நூல்கள் வெளியிட்டவர், 75 வயதில் இந்த நாவலைத் தானே பதிப்பித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தன்னுடைய இன்னொரு நாயகன் மேத்யூ ஸ்கடர் வரும் சிறுகதைகளை 'த நைட் அண்ட் த மியூசிக்' என்று தொகுத்து இதே வழியில் வெளியிட்டிருந்தார். இப்படிப் போன மூத்தவர்கள் அமெரிக்காவில் இன்னும் பலர் உண்டு. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வந்தது, கதவு திறந்தது, துணிந்தவர்கள் உள்ளே போனார்கள். கதவு திறந்தது உண்மைதான். ஆனால் அதன் வழியே உள்ளே கொண்டுபோகக் கையில் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கை மூத்தவர்களுக்குக் கொடுத்தவை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள். மின்னூல் என்ற ஒன்றைக் கற்பனைகூடச் செய்யாதவர்கள் எழுதிய ஷரத்துகள் அவை. மூத்த எழுத்தாளரின் சுயபதிப்பு வரலாறு, கருவியின் வரலாறாக இருப்பதைவிட அதிகமாக உரிமையின் வரலாறு என்பதே என் வாதம்.

பிளாக்கின் தொடக்க காலத்தைப் பார்த்தால் இது விளங்கும். இளமையில் அவர் மிட்வுட் போன்ற மலிவு பேப்பர்பேக் நிறுவனங்களுக்கு மாதக் கணக்கில் நாவல் எழுதிக் கொடுத்தார். ஷெல்டன் லார்ட், ஆண்ட்ரூ ஷா, ஜில் எமர்சன் எனப் பல புனைபெயர்கள். நம்மூர் மாத நாவல்களைப் போல, அடுத்த இதழ் வந்ததும் கடையிலிருந்து இறங்கிவிடும் புத்தகங்கள். பேருந்து நிலையத்தில் வாங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவார்கள். பதிப்பாளருக்கு இவற்றை மறுபடி அச்சிடும் எண்ணம் கிடையாது. எழுத்தாளரும் கணக்கு முடிந்துவிட்டது என்றே எண்ணினார். ஆனால் அமெரிக்கப் பதிப்பு ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு ஷரத்து இருக்கும். புத்தகம் அச்சில் இல்லாமல் போய், எழுத்தாளர் கேட்டும் பதிப்பாளர் மறுபதிப்பு செய்யாவிட்டால், உரிமை எழுத்தாளருக்கே திரும்பும். பல பத்தாண்டுகளுக்கு இது வெறும் ஆறுதல் ஷரத்தாகத்தான் இருந்தது. உரிமை திரும்பி வந்தாலும் அதை என்ன செய்ய? இரண்டாயிரம் பிரதி அடித்து வீட்டு மாடியில் அடுக்கி வைக்கவா? இப்படி இருபதும் நாற்பதுமாகச் செத்த புத்தகங்களின் உரிமையை வைத்திருந்தவர்கள், மின்னூல் வந்தபோது தாங்கள் ஒரு சொத்தின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். பிளாக்கின் பழைய புனைபெயர் நாவல்கள், முகம் சுளிக்க வைக்கும் தலைப்பு கொண்டவை உட்பட, இன்று அவர் பெயரிலேயே மின்னூலாகக் கிடைக்கின்றன.

அச்சில் இல்லாத நூல்களின் கதை இது. அச்சில் இருந்துகொண்டே இருந்த நூல்களின் கதை நீதிமன்றம் ஏறியது. 2001 பிப்ரவரியில் ரேண்டம் ஹவுஸ், ரோசெட்டா புக்ஸ் என்ற சிறிய மின்னூல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வில்லியம் ஸ்டைரன், கர்ட் வானகட், ராபர்ட் பி. பார்க்கர் ஆகியோரிடம் நேரடியாக உரிமை வாங்கி அவர்களுடைய எட்டு நூல்களை ரோசெட்டா மின்னூலாக்கியிருந்தது. அவற்றை அச்சிட்டு விற்றுவந்தது ரேண்டம் ஹவுஸ். 1960களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை எழுதப்பட்ட அந்த ஒப்பந்தங்கள் பதிப்பகத்துக்குக் கொடுத்தது, படைப்பைப் புத்தக வடிவில் அச்சிட்டு விற்கும் உரிமையை. மின்னூலும் புத்தக வடிவம்தானே என்றது ரேண்டம் ஹவுஸ். நியூயார்க் நீதிபதி சிட்னி ஸ்டைன் அதை ஏற்கவில்லை. புத்தக மன்றப் பதிப்பு, சுருக்கப் பதிப்பு, பிரெய்ல் பதிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் தனித்தனி ஷரத்து எழுதியவர்கள், புத்தக வடிவம் என்பது எல்லாவற்றையும் அடக்கும் என்று இப்போது எப்படிச் சொல்ல முடியும்? 2001 ஜூலையில் தடையாணை மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த ஆண்டு இறுதியில் இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டதால் முழு விசாரணை நடக்கவே இல்லை. ஆயினும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. 1990களின் நடுவில் பதிப்பகங்கள் மின்னணு உரிமையை வெளிப்படையாகக் கேட்டு வாங்கத் தொடங்கும் முன் கையெழுத்திட்டவர் யாரோ, அவர் கையில் அந்த உரிமை இன்னும் இருக்கலாம்.

இந்த வாதத்துக்கு எதிர்ப்புறமிருந்தும் ஒரு சோதனை கிடைத்தது. ஜீன் கிரெய்க்ஹெட் ஜார்ஜ் எழுதிய சிறுவர் நாவல் 'ஜூலி ஆஃப் த வுல்வ்ஸ்'. அதன் ஒப்பந்தம் 1971ஆம் ஆண்டுடையது. 2011இல் அது ஓப்பன் ரோடு நிறுவனத்தின் மின்னூலாக வந்தபோது ஹார்ப்பர் காலின்ஸ் வழக்குத் தொடுத்தது. இங்கே பதிப்பகம் வென்றது, 2014இல். காரணம், அந்த ஒப்பந்தத்தில் யாரோ ஒரு முன்யோசனைக்காரர், கணினி முதலான, இன்று அறிந்ததும் இனிக் கண்டுபிடிக்கப் போவதுமான மின்னணு வழிகளையும் சேர்த்து எழுதிவைத்திருந்தார். 1971இல்! ஒரே கருவி, ஒரே சந்தை, ஏறக்குறைய ஒரே தலைமுறை எழுத்தாளர்கள். ஒருவரால் தன் நூலைத் தன் விருப்பப்படி வெளியிட முடிந்தது, இன்னொருவரால் முடியவில்லை. நடுவில் இருந்த வேறுபாடு ஒரு வரி. பதிப்பகங்களும் இதை நன்றாகவே அறிந்திருந்தன. 2009 டிசம்பரில் ரேண்டம் ஹவுஸ் தலைவர் மார்கஸ் டோலே, பழைய ஒப்பந்தங்களிலும் மின்னூல் உரிமை தங்களுடையதே என்று முகவர்களுக்குக் கடிதம் எழுதினார். 2010 ஜூலையில் முகவர் ஆண்ட்ரூ வைலி, நபகோவ், அப்டைக், ருஷ்டி போன்றோரின் 20 பழைய நூல்களை ஒடிஸி என்ற பெயரில் அமேசானுக்கு மட்டும் மின்னூலாகக் கொடுத்தபோது, இனி வைலியோடு புது வியாபாரமே கிடையாது என்று ரேண்டம் ஹவுஸ் அறிவித்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவற்றில் 13 நூல்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. சண்டை முழுக்கப் பழைய நூல்களைச் சுற்றித்தான். புது நூல்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அவற்றின் ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது.

அப்படியானால் கருவிக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மார்க் ட்வெய்ன் 1884இல் தன் உறவினரின் பெயரில் பதிப்பகம் தொடங்கி 'ஹக்கில்பெரி ஃபின்' நாவலை அதில் வெளியிட்டார். ஜனாதிபதியாக இருந்த கிராண்டின் நினைவுக்குறிப்புகளைப் போட்டு அவருடைய மனைவிக்கு 2,00,000 டாலர் காசோலை கொடுக்கும் அளவு உயர்ந்தார். பத்தே ஆண்டில், 1894இல், அந்தப் பதிப்பகம் திவால். காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங், கிடங்கு, ஊர் ஊராகப் போகும் விற்பனையாட்கள் என்று எல்லாவற்றுக்கும் முதலீடு வேண்டும். பிளாக் கூட 1980களின் நடுவில் எழுத்துப் பயிற்சி பற்றிய ஒரு நூலைத் தானே அச்சிட்டு விற்றிருக்கிறார். நாவல்களுக்கு அந்த வழியைத் தொடரவில்லை. மின்னூல் இந்த முதலீட்டைத் துடைத்தெறிந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் முதலீடு தேவைப்படாத இடத்தில் உரிமை மட்டுமே முதலாகிறது. உரிமை இல்லாதவருக்குக் கிண்டில் வெறும் வாசிப்புக் கருவி.

ஸ்டீபன் கிங்கின் கதை இதற்கு வேறொரு கோணத்தில் சாட்சி. 2000 மார்ச்சில் 'ரைடிங் த புல்லட்' என்ற குறுநாவலை அவருடைய பதிப்பகம் 2.50 டாலர் விலையில் மின்னூலாக மட்டும் விட்டது. 24 மணி நேரத்தில் 4,00,000 பிரதிகளுக்கு மேல் இறங்கின. அவற்றில் பல, கடைகள் இலவசமாகக் கொடுத்தவை. அந்த ஜூலையில் அவர் பதிப்பகத்தை விட்டுவிட்டு 'த பிளான்ட்' என்ற நாவலைத் தன் இணையதளத்திலேயே தவணையாக வெளியிடத் தொடங்கினார். முதல் தவணைக்கு ஒரு டாலர்; எடுத்துக்கொள்பவர்களில் 75 விழுக்காட்டினர் காசு கொடுத்தால் தொடர்வேன் என்பது நிபந்தனை. தவணைகள் போகப்போகக் கொடுப்பவர் குறைந்தார்கள். ஆறாவதோடு டிசம்பரில் நிறுத்திவிட்டார். இதைத் தோல்வி என்று எழுதாத பத்திரிகை இல்லை. அவர் வெளியிட்ட கணக்கில் நிகர லாபம் 4,63,000 டாலருக்கு மேல். இந்தத் தோல்விக்காக ஏங்காத எழுத்தாளர் யார்? கவனிக்க வேண்டியது இன்னொன்று. 'த பிளான்ட்' முழுக்கப் புது எழுத்து அல்ல. 1982 முதல் சில ஆண்டுகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக நண்பர்களுக்கு அச்சிட்டு அனுப்பிய கதை. எந்தப் பதிப்பகத்துக்கும் எழுதிக் கொடுக்காதது. இந்தச் சோதனையிலும் தொடங்கிய சரக்கு பழையது, உரிமை கையில். அப்படியிருந்தும் அவர் ஏன் பதிப்பகங்களிடமே திரும்பினார்? 1990களின் பிற்பாதியிலேயே லாபத்தில் பாதியளவு பங்கு என்ற ஏற்பாட்டுக்கு அவர் வந்துவிட்டிருந்தார். மற்றவர்கள் சுயபதிப்பில் தேடிய விகிதம் அவருக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தது. 2013இல் 'ஜாய்லேண்ட்' நாவலின் மின்னூல் உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, முதலில் தாளில் மட்டும் படியுங்கள் என்று வாசகர்களிடம் சொன்னவரும் அவரே. உரிமை கையில் இருந்தால் வெளியிடலாம், வெளியிடாமலும் இருக்கலாம்.

விகிதம் என்று சொன்னதை எண்ணில் பார்ப்பது நல்லது. பெரிய பதிப்பகங்கள் மின்னூலுக்குக் கொடுக்கும் வழக்கமான ராயல்டி, தங்களுக்குக் கிடைக்கும் தொகையில் 25 விழுக்காடு. 9.99 டாலர் மின்னூலில் கடை 30 விழுக்காடு எடுத்துக்கொண்டபின் பதிப்பகத்துக்கு 6.99 வரும். எழுத்தாளரின் பங்கு 1.75. முகவருக்கு 15 விழுக்காடு போனால் மீதி ஏறக்குறைய ஒன்றரை டாலர். 2010 ஜூன் இறுதியில் அமேசான், 2.99 முதல் 9.99 வரை விலையுள்ள சுயபதிப்பு மின்னூல்களுக்கு 70 விழுக்காடு கொடுக்கத் தொடங்கியது, அதுவரை 35தான். 4.99 டாலருக்கு விற்கும் சுயபதிப்பில் எழுத்தாளருக்கு 3.49 வரும், சில சென்ட் அனுப்புகூலி போக. வாசகர் பாதி விலை கொடுக்கிறார், எழுத்தாளர் இரு மடங்குக்கு மேல் பெறுகிறார். இடைநிலையில் ஓப்பன் ரோடு போன்ற நிறுவனங்கள் லாபத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிளாக்கும் தன் பழைய நூல்களில் பலவற்றை முதலில் அங்கேதான் கொடுத்தார். பிறகே தானாக வெளியிடும் நிலைக்கு வந்தார். ஒரே நாளில் எடுத்த வீர முடிவு என்று இதைச் சித்திரிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வலுவான மறுப்பு இனித்தான் வருகிறது. மின்னூல் சுயபதிப்பில் பெரும்பணம் பார்த்தவர்களில் பழைய நூலே இல்லாத புதியவர்கள் உண்டே? அமெண்டா ஹாக்கிங் 2010 ஏப்ரலில் தொடங்கி ஓராண்டுக்குள் பெரும் விற்பனை கண்டவர். இருபதுகளின் நடுவில் இருந்தார். அவரிடம் எந்தப் பழைய ஒப்பந்தம் இருந்தது? எதுவும் இல்லை. ஆனால் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கைப்பிரதிகள் பல இருந்தன. கையிருப்பு இருந்தது என்ற அளவில் அவரும் மூத்தவர்களைப் போலத்தான். மேலும் அவர் போன திசையைப் பாருங்கள். 2011 மார்ச்சில் அவர் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகத்தோடு நான்கு நூல்களுக்கு 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வாரத்தில், ஏற்கெனவே பல நாவல்கள் வெளியிட்டிருந்த பாரி ஐஸ்லர், அதே பதிப்பகம் இரண்டு நூல்களுக்குத் தருவதாகச் சொன்ன 5,00,000 டாலரை வேண்டாம் என்றார். புதியவருக்குச் சுயபதிப்பு பதிப்பகத்துக்குள் நுழையும் வழி. உள்ளே பல ஆண்டு இருந்தவருக்கு வெளியேறும் வழி. ஐஸ்லர் வேண்டாம் என்றது புது நூலுக்கான பணத்தை, அது என் வாதத்துக்கு இடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாவலை அவர் கடைசியில் தானே வெளியிடவில்லை. அமேசானின் சொந்தப் பதிப்பகப் பிரிவுக்குக் கொடுத்தார். அவருடைய பழைய ஜான் ரெய்ன் நாவல்கள்தான் உரிமை திரும்பி வந்தபின் புதுத் தலைப்பு, புது அட்டையோடு மறுபிறவி எடுத்தன.

தொகுப்பாசிரியர் கைபடாமல் வரும் எழுத்து தரம் தாழும் என்ற குறை எப்போதும் உண்டு. புதியவர்களைப் பற்றி அது பல நேரம் சரி. மூத்தவரின் பழைய நூலுக்கு அது பொருந்தாது. அந்த நூலைத் தொகுப்பாசிரியர் முப்பது ஆண்டுக்கு முன்பே திருத்திக் கொடுத்துவிட்டார், அந்த உழைப்பின் பயனும் இப்போது எழுத்தாளருக்கே போகிறது. பதிப்பகங்களின் மனக்கசப்புக்கு இதில் நியாயம் உண்டு என்றுகூடச் சொல்வேன். ஆனால் பழைய நூலை மின்னூலாக்குவது பொத்தானை அமுக்கும் வேலை அல்ல. தட்டச்சுப் பொறியில் அடித்த நாவலுக்குக் கோப்பு ஏது? பழைய பேப்பர்பேக் பிரதி ஒன்றைத் தேடி வாங்கி, முதுகை வெட்டி, தாள் தாளாக ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளில் விட்டு எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் மென்பொருள் அதை 'எம்' என்று படித்துவிடும். மேற்கோள்குறி காணாமல் போனால் யார் பேசுகிறார் என்பதே மாறிவிடும். முழு நாவலையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும். அட்டையும் புதிதாக வேண்டும். உரிமை திரும்பி வரும்போது எழுத்து மட்டுமே வருகிறது, பழைய அட்டையின் ஓவியம் வருவதில்லை.

தமிழில் இந்த வேலை இன்னும் கடினம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலில் பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களைக் கண்டதும் மென்பொருள் திணறும். துணைக்காலை 'ர' என்று படிப்பது இன்றைக்கும் உள்ள தொல்லை. கணினியில் கோர்த்த நூல்களின் கோப்பு அகப்பட்டாலும் அது பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ இருக்கும். யூனிகோடுக்கு மாற்றியபின் வரி வரியாகப் பார்க்க வேண்டும். கிண்டில் கடையில் தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் கிடைத்தது 2016 கடைசியில்தான். உரிமைக் கணக்கில் மட்டும் தமிழ் மூத்தவர்களின் நிலை அமெரிக்கர்களைவிட மோசமில்லை என்று தோன்றுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது; காலவரை குறிப்பிடாத உரிமை மாற்றம் 1994 திருத்தத்துக்குப் பின் ஐந்து ஆண்டுக்கே செல்லும்; ஒப்பந்தம் எழுதிய நாளில் வழக்கில் இல்லாத ஊடகத்துக்கு, அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டாலொழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. பழைய பத்திரங்களுக்கு இவை எவ்வளவு தூரம் செல்லும் என்பது வக்கீல்கள் வாதிட வேண்டிய விஷயம். வாய்ப்பேச்சிலும் ஒற்றைக் கடிதத்திலும் நாவல் கொடுத்தவர்களுக்கு, அந்த அலட்சியமே ஒருவகையில் பாதுகாப்பாக அமைந்தது.

பதிப்பகத்தை விட்டு அமேசானிடம் போய் மாட்டிக்கொள்வதில் என்ன விடுதலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ராயல்டி விகிதத்தையும் விதிகளையும் அந்தக் கடை நினைத்தபோது மாற்றலாம். 2011 டிசம்பரில் வந்த அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் மின்னூலை வேறெங்கும் விற்கக்கூடாது. ஆனால் அந்தக் கட்டு 90 நாளுக்கு. அதன்பின் புதுப்பிக்காமல் விலகலாம். அமெரிக்கப் பதிப்பக ஒப்பந்தத்தின் காலவரை பெரும்பாலும் பதிப்புரிமை உள்ளவரை, அதாவது எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப்பின் 70 ஆண்டும். அதிலிருந்து வெளியே வர வழியாக இருந்த 'அச்சில் இல்லை' ஷரத்தும் மெல்ல அடைபட்டு வருகிறது. மின்னூலும், கேட்கும்போது அச்சிடும் முறையும் வந்தபின் எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதில்லை. 2007 மே மாதம் சைமன் அண்ட் ஷூஸ்டர் தன் ஒப்பந்தத்தை அதற்கேற்ப மாற்றப் பார்த்தது. எழுத்தாளர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்ததும் பின்வாங்கி, குறைந்தபட்ச வருமானம் என்ற அளவுகோலுக்கு ஒப்புக்கொண்டது. அப்படியொரு அளவுகோலைக் கேட்டு வாங்கத் தவறியவர்களின் நூல், ஆண்டுக்கு நான்கு பிரதி விற்றாலும் பதிப்பகத்திடமே கிடக்கும். 1990களின் நடுவிலிருந்து கையெழுத்திட்ட தலைமுறைக்கு ஸ்டைரனின் அதிர்ஷ்டமும் இல்லை, பிளாக்கின் செத்த நூல்களும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவு: நூல் வெளியாகி 35 ஆண்டு ஆனபின் எழுத்தாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும். 1995இல் வெளியான நாவலை 2030இல் மீட்க நினைப்பவரின் கடிதம் 2028க்குள் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.